கண்ணாடிச் சீசா

சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். இலங்கையில் பண்டாரவளைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்தும் அன்று யாரையும் மலைக்கு வேலைக்கு அனுப்பவில்லை. எல்லாரையும் தேயிலை ஸ்டோருக்குள் வரிசையாக விட்டார்கள். மனிதனின் குடலில் தொங்கி இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவைத் தோட்டம் தோட்டமாகக் காட்டிவரும் வெள்ளைக்கார டாக்டர் வந்திருந்தார். மேசைமேல் பெரிய கண்ணாடிச் சீசா. உள்ளே ஸ்பிரிட்டில் வெளுத்த குடல் துண்டு. அதில் நூல் நறுக்குகளைப்போலப் புழுக்கள் கவ்விக்கிடந்தன.

டாக்டர் சொன்னதைத் தோட்டத்து மருந்துக்காரர் லூக்காஸ் தமிழில் சொன்னார். இந்தப் புழு இருந்தால் உதடு வெளுக்கும், முகம் ஊதும், மேடு ஏறினால் மூச்சு வாங்கும். மருந்து கொடுத்தால் ஆள் பிழைத்துக்கொள்வான். சீசாவில் இருக்கும் குடல் இந்தத் தோட்டத்திலேயே போன மாதம் செத்த ஒருவனுடையது. இனிக் கொழும்பு மருத்துவக் காட்சிசாலையில் இருக்கும்.

வரிசையில் நின்ற செசிலி மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். போன மாதம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் செத்தது அவள் புருஷன் மத்தேயு ஒருவன்தான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் மலையில் மூச்சு முட்டி உட்கார்ந்தவனைச் சோம்பேறி நாய் என்று, ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி நெஞ்சில் மிதித்தார். மருந்து கேட்டுப் போனபோது இதே லூக்காஸ், விளக்கெண்ணெயை ஊற்றி வேலைக்கு விரட்டினார். செத்தபின் உடம்பைச் சாக்குத் தைப்பதுபோல நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை தைத்துக் கொடுத்தார்கள். ஏனென்று கேட்டதற்கு ஆஸ்பத்திரி வழக்கம் என்றார்கள்.

அவள் வரிசையை விட்டு விலகிப் போய்ச் சீசாவை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். லூக்காஸ் பதறிக் கீழே வைக்கச் சொன்னார்.

"எம் புருஷன் சோம்பேறியான்னு டாக்டர் தொரைகிட்ட கேளுங்க. அவரு சொல்றதத் தமிழ்ல எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்க."

லூக்காஸ் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் கேட்டார். டாக்டர் புருவத்தைச் சுருக்கி ஏதோ சொன்னார். லூக்காஸ் சீசாவை வாங்கக் கையை நீட்டினார்.

"சொல்லுங்க" என்றாள் அவள்.

"இத்தனை புழுவோட எந்திரிச்சு நின்னதே பெருசுங்கிறாரு" என்றார் லூக்காஸ், தரையைப் பார்த்து.

செசிலி பெரிய கங்காணியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிதிபட்ட நெஞ்சில் விழுந்த கருஞ்சிவப்புத் தடத்தை அவள் பிணத்தைக் குளிப்பாட்டும்போது தொட்டிருக்கிறாள்.

"அவரோட மிச்சத்தையும் பொதைக்கப் போறேன்" என்றாள்.

டாக்டர் கத்தினார். வாசலில் காவல்காரன் தடியைக் குறுக்கே நீட்டினான். அவள் முந்தானையை இழுத்துச் சீசாவை மூடி இடுப்பில் அணைத்துக்கொண்டு அவனை நோக்கி நடந்தாள். பின்னால் வரிசை கலைந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவள் முதுகோடு ஒட்டி நின்றார்கள். தடி இன்னும் குறுக்கேதான் இருந்தது. அதைப் பிடித்திருந்தவன் ஓரடி பின்வைத்தான்.