மிதவைகளுக்கு அங்கால்

கொழும்பிலிருந்து அழைப்பு வந்தபோது சுதாஜினி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். கடலில் எரிவாயு தேடும் வேலைகளையெல்லாம் அரசாங்கம் இடைநிறுத்திவிட்டதாம். எழுத்தில் அறிவித்தல் வரும்வரை சனத்துக்கு ஒன்றும் சொல்ல வேண்டாமாம். கம்பனி முகாமையாளர் இரண்டே வசனத்தில் முடித்துவிட்டார்.

கம்பனிக்கும் கொக்கிளாய் மீனவர்களுக்கும் நடுவில் கதைப்பதுதான் அவளுடைய வேலை. மூன்று மாதத்துக்கு முன் வீடு வீடாக ஏறி இறங்கி, கம்பனி எல்லைக்குப் போட்ட மஞ்சள் மிதவைகளுக்கு அங்கால் வலை போட வேண்டாமென்று கெஞ்சிக் கையெழுத்து வாங்கியவள். அவளுடைய முகத்துக்காகத்தான் சனம் ஒதுங்கி நின்றது.

நான்கு நாள் போனது. எரிவாயு தேட வந்த கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. சுதாஜினிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவாள். யாரையும் கண்டால் பாதியில் திரும்பிவிடுவாள். சொல்லி, மீனவர்கள் மிதவைகளைத் தாண்டிப் போக, கம்பனியின் காவல் படகு வலையை அறுத்தால்? சொல்லாமல் விட்டால், மீன் படுகிற நாட்கள் சும்மா கழிந்துவிடும்.

ஐந்தாம் நாள் காலை நல்லதம்பி படலையடியில் வந்து நின்றார். மீனவர் சங்கத் தலைவர், அவளுடைய தாய்மாமன். அவள் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளோடு முகம் கொடுத்துக் கதைக்காதவர்.

"கப்பல்ல சத்தத்தைக் காணேல்லை. என்ன நடக்குது, பிள்ளை?"

"நிப்பாட்டியாச்சு, மாமா. கடிதம்தான் இன்னும் வரேல்லை."

"எப்ப?"

"திங்கட்கிழமை."

ஏசுவார் என்று நினைத்தாள். அவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். பிறகு, மிதவைகளைத் தாண்டிப் போனால் பிடிப்பார்களா என்று கேட்டார். தெரியாது என்றாள். பிடித்தால் ஆர் பதில் சொல்வது என்று கேட்டார்.

"நானும் வாறன்."

அவர் படலையை அவளுக்காகத் திறந்து பிடித்தார்.

படகு மிதவைகளைத் தாண்டியது. கரையிலிருந்து தீப்பெட்டியளவு தெரிந்த கப்பல் இப்போது காலை வெய்யிலையே மறைத்துக்கொண்டு நின்றது. மாமா எஞ்சினை நிறுத்தினார். கப்பலின் மேல்தட்டில் ஒருவன் ஓடிவந்து, கம்பியில் சாய்ந்து, இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினான். வரச் சொல்கிறானா, போகச் சொல்கிறானா, அவ்வளவு உயரத்தில் தெரியவில்லை. வலையின் ஒரு நுனியை அவளிடம் நீட்டிய மாமா, மற்றதைத் தண்ணீரில் விடத் தொடங்கினார்.