வெள்ளியின் தரையைத் தொட்டதா?

வெள்ளிக் கிரகத்தைப் பற்றி ஜனங்களுக்கு இருக்கும் சந்தேகங்கள் மொத்தமே பத்துப் பன்னிரண்டுதான். ஊர் மாறும், ஆலை மாறும், கேள்வி மாறாது. மாஸ்கோவைச் சுற்றியுள்ள ஆலை மன்றங்களிலும் கூட்டுப்பண்ணைகளிலும் போய் வானத்தைப் பற்றிப் பேசுவதுதான் வர்வாராவின் உத்தியோகம். பேச்சு முடிந்ததும் ஜனங்கள் தங்கள் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல், கைக்குக் கை முன்னால் கடத்துவார்கள். பெயர் போடாமல் இருப்பதில்தான் சூட்சுமமே. மேடைக்கு வந்து சேர்வதற்குள் பாதிச் சீட்டுகளில் ஜனங்கள் கொறிக்கும் சூரியகாந்தி விதையின் எண்ணெய் ஏறியிருக்கும்.

"அங்கே மனுஷங்க இருக்காங்களா?" இது முதல் சீட்டு. "உருளைக்கிழங்கு விளையுமா?" இது கூட்டுப்பண்ணைச் சீட்டு. "அங்கே போனா எடை குறையுமாமே, எவ்வளவு குறையும்?" இதை எழுதியது யாரென்று எழுத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், இரண்டாம் வரிசையில் குண்டாக ஒரு அம்மாள் குனிந்து சிரித்துக்கொண்டிருப்பாள். "சூரியன் மேற்கே உதிக்குதாம், ஒரு பகல் முடியவே மாசக்கணக்கா ஆகுதாம். அப்ப ஞாயித்துக்கிழமை எப்ப வரும்?" இது ஆலைச் சீட்டு.

வர்வாரா எதற்கும் சளைத்ததில்லை. "ஞாயித்துக்கிழமை வர்றதுக்குள்ள நமக்கு ஓய்வூதியமே வந்துடும், தோழர்களே" என்பாள். கூடம் குலுங்கும். ஆனால் அவளைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது சிரிப்புக்காக மட்டும் இல்லை. தெரிந்ததைத் தெரியும் என்பாள், தெரியாததைத் தெரியாது என்பாள். வர்வாரா நிகோலாயெவ்னா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பெயர். அந்தப் பெயர்தான் அவளுடைய சொத்து.

அந்தச் சொத்துக்குக் காவல் இருந்தது, அவளை வார்யா என்று கூப்பிடும் புருஷன் கிளெப். அவன் வேலை பார்த்த இரகசிய இடத்துக்குப் பெயர் கிடையாது, தபால் பெட்டி எண் மட்டும்தான். யாராவது கேட்டால், "சலவை இயந்திரம் பண்றோம்" என்பான். அந்தச் சலவை இயந்திரங்கள் ராக்கெட்டில் ஏறிக் கிரகங்களுக்குப் போகின்றன என்பது அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். அங்கே வேலை பார்ப்பவர்கள் வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள். வாய் திறக்கவும் மாட்டார்கள். வர்வாரா ஒருநாளும் அவன் வேலையைத் தோண்டிக் கேட்டதில்லை.

ஆனால் ஒரே மேசையில் கிரகத்தைப் பற்றிப் பேசுகிறவளும் கிரகத்துக்கு இயந்திரம் அனுப்புகிறவனும் உட்கார்ந்து சாப்பிட்டால் ஏதாவது ஒரு வழி பிறக்காமலா இருக்கும்? பிறந்தது. புதுப் பேச்சு எழுதினால் இரவுச் சாப்பாட்டின்போது அவனுக்குப் படித்துக் காட்டுவாள். தப்பு வந்தால் கிளெப் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்துபோய் அடுப்பில் கெட்டிலை வைப்பான். சரியாக இருந்தால் தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் வெள்ளியின் கடல்களைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்தாள். இரண்டு தடவை எழுந்தான். "இவ்வளவு டீயை யாருப்பா குடிக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்தை அடித்தாள். மற்றவர்களுடைய புருஷன்மார் வாசனைத் தைலம் வாங்கித் தருவார்கள். இவள் புருஷன் இவளைப் பொய் சொல்ல விடாமல் காப்பாற்றினான். அதற்காகவே அவன்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை.

அறுபத்தேழாம் வருஷம் இலையுதிர்காலத்தில் நம்முடைய ஆளில்லாத விண்வெளி நிலையம் ஒன்று வெள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. தரையில் இறங்கிவிட்டது, அங்கே ரொட்டி அடுப்புபோல் கொதிக்கிறது என்று வானொலி அறிவித்தது. முன்பின் தெரியாதவர்கள் தெருவில் கட்டிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து வர்வாரா புதுப் பேச்சை எழுதி முடித்து, முட்டைக்கோஸ் சூப்பைப் பரிமாறிவிட்டுப் படித்தாள்: "மனிதன் கையால் செய்த பொருள் ஒன்று முதன்முறையாக வெள்ளியின் மண்ணைத் தொட்டது."

நிறுத்தி அவனைப் பார்த்தாள். கிளெப் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தான். அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். அப்படி ஒரு வரியை ஒரு தடவைதானா படிப்பார்கள்?

"உப்பு எங்கே, வார்யா?" என்றான்.

உப்பை நகர்த்தி வைத்தாள். மனசு நிறைந்துபோயிற்று.

அந்தப் பேச்சை முதலில் நெசவாலை மன்றத்தில் பேசினாள். கூடம் நிரம்பி வழிந்தது. சீட்டுகள் வந்துகொண்டிருக்கும்போதே ஒரு மனிதர் எழுந்து நின்றார். பக்கத்துப் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆசிரியர் ஸகார் லுகிச். சீட்டு எழுதாமல், சொந்த முகத்தோடு, சொந்தக் குரலில் கேட்கிற அசட்டுத் துணிச்சல் அவருக்கு மட்டும்தான் இருந்தது.

"வர்வாரா நிகோலாயெவ்னா, மறுநாளே அமெரிக்கக்காரங்க நிலையமும் வெள்ளியைத் தாண்டிப் போச்சு. அவங்க அளவும் நம்ம அளவும் ஒத்துவரலைன்னு கேள்விப்பட்டேன். ரெண்டும் சரின்னா, நம்மது தரைக்கு ரொம்ப உசரத்துலயே சேதி அனுப்பறதை நிறுத்தியிருக்கணும். நிஜமாவே தொட்டுச்சா?"

கூடத்தில் விதை கொறிக்கும் சத்தம் நின்றது. மற்ற நாளாக இருந்தால் "பார்க்கலாம், இன்னும் ஆராய்ச்சி நடக்குது" என்றிருப்பாள். ஆனால் கிளெப் எழுந்திருக்கவில்லையே! அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

"ஸகார் லுகிச், என் வாக்கையே தர்றேன். தொட்டுச்சு" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். சிரிக்கவைத்துப் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? "நீங்க ராத்திரியில எந்த ஊர் ரேடியோவைத் திருகறீங்களோ, எனக்குத் தெரியாது. நாங்க எங்க ஊர் ரேடியோவைத்தான் கேக்கறோம்."

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் வேறு. ஸகார் லுகிச் மெல்ல உட்கார்ந்தார். அந்த வருஷத்தில், அந்தக் கூடத்தில், வெளிநாட்டு வானொலி கேட்கிறவர் என்று ஒருவரைச் சிரிப்புக்காகச் சொல்வதும் ஒன்றுதான், மேலிடத்துக்கு எழுதிக் கொடுப்பதும் ஒன்றுதான். பனி உருகுவதற்குள் அவரிடமிருந்து வகுப்பைப் பறித்து, பள்ளிக்கூடத்துச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் போட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று வர்வாரா கிளெப்பின் தோளில் சாய்ந்து அழுதாள். அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான். "நீ என்ன பண்ணுவ, விடு" என்றான்.

ரொட்டிக் கடை வரிசையில் பார்த்தால் ஸகார் லுகிச் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அவள் கைப்பையைத் திறந்து சில்லறையை எண்ணத் தொடங்குவாள். கேலி செய்தது தப்புதான். ஆனால் சொன்ன விஷயம் உண்மை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்றரை வருஷம் அந்த வரிசையில் நின்றாள்.

மே மாத விடுமுறையில் கிளெப்பின் சகாக்கள் குடும்பத்தோடு பிர்ச் மரக்காட்டுக்கு இறைச்சி சுடப் போனார்கள். வெளியாட்கள் யாரும் கிடையாது. கிளெப் கம்பிகளைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனோடு ஒரே பிரிவில் வேலை பார்க்கும் ரோதியோனுக்கு இரண்டு கோப்பை உள்ளே போனால் நாக்கு அவிழ்ந்துவிடும். அன்று நாலு போயிருந்தது.

"நாங்க பண்ணின கூத்து தெரியுமா? அறுபத்தேழுல போனதுல சர்க்கரையில ஒரு பூட்டு வெச்சோம். கடல்ல விழுந்தா சர்க்கரை கரையும், பூட்டு திறந்துக்கும், உள்ளேயிருந்து ஆன்டெனா வெளியில வரும். கடலு! அந்தக் கொதிகொப்பரையில!" தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "கடைசில கடலும் இல்ல, கரையும் இல்ல. தரை எங்கேயோ கிடக்கு, இது மேலேயே நசுங்கிப் போச்சு, தகர டப்பா மாதிரி."

"எது நசுங்கினது?" என்று வர்வாரா கேட்டாள்.

"அதான், அதே நிலையம்தான்."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அந்த வாரமே சந்தேகம். அடுத்த வாரம் நிச்சயமாயிடுச்சு." ரோதியோன் கோப்பையை அவள் பக்கம் உயர்த்தினான். "ஆனா உன் பேச்சு பிரமாதம், வார்யா! எங்க பிரிவுல ஒரு வாரம் அதேதான் பேச்சு. நீ வரியை ரெண்டு தடவை படிச்சியாம், இந்தப் பாவி கெட்டில் பக்கமே போகாம உப்பு கேட்டானாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் கெட்டில் தெரிந்திருந்தது. வர்வாராவுக்கு நட்டநடுச் சந்தையில் துணியை உருவிவிட்ட மாதிரி இருந்தது. கிளெப்பைப் பார்த்தாள். அவன் தலை நிமிராமல், ஏற்கனவே கருகிப்போன கம்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள். "தெரிஞ்சே உக்காந்திருந்தியா?"

"கையெழுத்துப் போட்டவன் நான், வார்யா."

"உன்னை வாயைத் திறக்கவா சொன்னேன்? எழுந்திருச்சிருந்தாப் போதுமே!"

"எழுந்திருச்சா நீ அந்த வரியை அடிச்சிருப்ப. நாடே சொல்ற வரியை இவ மட்டும் ஏன் விட்டான்னு கேப்பாங்க. யாரு சொன்னதுன்னு கேப்பாங்க. நேரா என்கிட்ட வந்து நிப்பாங்க."

"சரி. வேலை போயிடும்னு பயம். அதை நான் மன்னிப்பேன். அந்த மனுஷனுக்காக உன் தோள்ல சாஞ்சு அழுதேனே, அப்பவும் முதுகைத்தானே தடவின? அப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

கிளெப் சன்னலைப் பார்த்தான்.

"என்கிட்ட சொல்லத்தான் கையெழுத்து தடுத்துச்சு. ரோதியோன்கிட்ட சொல்லத் தடுக்கலையா?"

"அது... ஏதோ சிரிப்புக்கு. அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அவனுக்குத் தரையைத் தொடலைன்னு தெரியும். கெட்டில் எப்படித் தெரியும்? அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்தது, கிளெப்." சால்வையைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள். "இத்தனை வருஷத்துல வேற எந்தெந்த ராத்திரி நீ எழுந்திருக்காம உக்காந்திருந்த? இனிமே அதை நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

அவள் அன்று முன்னறையில் சோபாவில் படுத்தாள்.

அடுத்த வாரம் நெசவாலை மன்றத்தில் மறுபடியும் அவள் பேச்சு. என்ன சொல்லப் போகிறாள் என்று கிளெப் கேட்கவில்லை. அவளும் படித்துக் காட்டவில்லை. மேடை ஏறிப் பார்த்தால் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பதினொரு வருஷத்தில் ஒருநாள் அவள் பேச்சுக்கு வந்ததில்லை. ஒரு கணம் அவள் மனசு இளகிவிட்டது. என் பக்கம் நிற்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். பெண் மனசு, என்ன செய்வது?

சீட்டுகள் வந்தன. உருளைக்கிழங்கு வந்தது, எடை வந்தது, ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாலாவதாக வந்ததை உரக்கப் படித்தாள்: "நம்ம நிலையம் நிஜமாகவே தரையைத் தொட்டதா?" நிமிர்ந்தாள். மூன்றாம் வரிசையில் கிளெப் வேண்டாம் என்று தலையை இலேசாக அசைத்தான். எதற்கு வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் விளங்கியது.

"தொடலை" என்றாள். "ரொம்ப உசரத்துலயே நசுங்கிப் போச்சு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால இதே இடத்துல நின்னு தொட்டுச்சுன்னு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைத் திருப்பி வாங்கிக்கறேன். ஸகார் லுகிச் கேட்டது நியாயமான கேள்வி. அவரை வெச்சு நான் உங்களைச் சிரிக்கவெச்சது அநியாயம்."

யாரும் கைதட்டவில்லை. மன்றத் தலைவர் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து வந்தார். "என்ன பேசறீங்க, வர்வாரா நிகோலாயெவ்னா? யார் சொன்னது உங்களுக்கு இதை?"

முந்நூறு முகங்கள். அதில் ஒரு முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஒரு விரலை நீட்டினால் போதும்.

"யாரும் சொல்லலை" என்றாள். "எங்க வீட்டுல எனக்கு யாரும் எதுவும் சொல்றதில்லை. கணக்கைப் பாத்தேன், ஒத்துவரலை. அவ்வளவுதான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், இது வழக்கமான வேடிக்கை என்று நினைத்து. தலைவர் விளக்கை அணைக்கச் சொன்னார். இனிமேல் எந்த மன்றமும் தன்னைக் கூப்பிடாது என்று தெரிந்தேதான் மேடையை விட்டு இறங்கினாள். நாளைக்கே போய் ஸகார் லுகிச்சின் கதவைத் தட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவர் திறப்பாரோ மாட்டாரோ.

கோட்டு மாட்டும் இடத்தில் கிளெப் அவளுடைய மழைக்கோட்டை விரித்துப் பிடித்தபடி நின்றான். ஜனங்கள் அவளைத் தொட்டுவிடாமல் விலகிப் போனார்கள். அவன் கண் கலங்கியிருந்தது. சொல்லட்டும் என்று காத்து நின்றாள். ஒரே ஒரு வார்த்தை, சின்ன வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் அந்தக் கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டு அவனோடு வீட்டுக்குப் போயிருப்பாள்.

அவன் அவள் காதருகே குனிந்தான். "நல்லவேளை, என்னைக் காட்டிக் கொடுக்கலை. உயிரே போயிடுச்சு எனக்கு. ரொம்ப நன்றி, வார்யா."

வர்வாரா கோட்டை அவன் கையிலிருந்து வாங்கி, மாட்டிக்கொள்ளாமல் மடித்துத் தன் கையில் போட்டுக்கொண்டாள்.

"உன் நினைப்பே வரலை எனக்கு" என்றாள்.

அது அவள் அவனிடம் சொன்ன முதல் பொய். அவன் உடனே நம்பிவிட்டான்.