மூட்டில் அமுக்கவும்

1

இந்தக் கதை ஒரு மூடியிலிருந்து வந்தது. எங்கள் வீட்டு இழுப்பறையில் டப்பா இல்லாத மூடிகள் ஏராளம். உங்கள் வீட்டிலும்தான், மறைக்காதீர்கள். அதில் ஒன்று மூக்குப்பொடி டப்பாவின் மூடி. உள்பக்கம் மூன்று மெல்லிய வரம்புகள். எங்கள் வீட்டில் யாரும் பொடி போடுவதில்லை. மூடி இருக்கிறது, டப்பாவைக் காணோம். சரி, டப்பாவை நானே செய்துகொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘திருவனந்தபுரத்தின் மேல் மழைமேகங்கள் கவிந்து…’ வேண்டாம். மழைக்கும் மூடிக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டாவது: ‘ரத்னாபாய் ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி…’ அவள் வேலை பார்த்த ஷெட்டுக்கு ஜன்னலே கிடையாது.

மூன்றாவது கீழே. இதுவும் சுமார்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

1979. ரத்னாபாய் பாறசாலைக்காரி. டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்தவள். ஆனால் பாப்பனங்கோட்டில் திரவியம் முதலாளியின் பிளாஸ்டிக் கம்பெனியில் அவளுக்குக் கிடைத்தது பேக்கிங் வேலை. ஷெட்டின் மூலையில் ஒரு டிராயிங் மேசை சும்மா கிடந்தது. அதன்மேல் முதலாளியின் சோற்றுப் பாத்திரம் இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

அப்போதுதான் திருவனந்தபுரத்துக் கடைத்தெருவான சாலைக் கம்போளத்துப் பொடி வியாபாரி வன்னியபெருமாள் அண்ணாச்சி, தகர டப்பாவை விட்டு பிளாஸ்டிக்குக்கு மாறப்போகிறார் என்று செய்தி வந்தது. நான் வரைகிறேன் என்றாள் ரத்னாபாய்.

“வரஞ்சு பாரு பிள்ளே,” என்றார் முதலாளி. “அண்ணாச்சிக்குப் புடிச்சா மேசை ஒனக்கு. புடிக்கலேன்னா பழையபடி பேக்கிங். பெறவு கெடந்து அழப்பிடாது.”

உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் தள்ளி, ஆறவைத்து எடுப்பதுதான் வேலை. கனம் கூடினால் பிளாஸ்டிக் வீண். ஆறவும் நேரமாகும், அதுவரை மெஷின் வேலையற்று நிற்கும். ரொம்ப மெலிந்தாலோ பிளாஸ்டிக் ஓரம்வரை ஓடாமல், மூடி கடித்துவைத்த அப்பளம் மாதிரி வரும். ரத்னாபாய் மூடியை மெல்லிதாக்கி, அது வளையாமலிருக்க உள்ளே மூன்று வரம்பு போட்டாள். (ஆம், அதே மூன்று.)

டப்பாவுக்கு ஓர் அச்சு, மூடிக்கு ஓர் அச்சு. இரண்டையும் கரமனையில் ராஜையன் மேஸ்திரி செய்து முடித்தார். சாம்பிள் வந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் மூடி இன்னும் கனம். ரத்னாபாய் போனை எடுத்தாள்.

3

போனில் ஒரே இரைச்சல். அந்தப் பக்கம் சாணைக்கல் வேறு சுற்றிக்கொண்டிருந்தது.

“ராஜையண்ணே, மூடிக்க கனம் பாதியாக் கொறையணும்!”

“மூட்டிலயா?”

“ஆமா, மூடியிலதான்!”

“அத்ரல்லே உள்ளு, அவ்வளவுதானே? நாளைக்கித் தாறேன், கொச்சே.”

இருவரும் திருப்தியாகப் போனை வைத்தார்கள்.*

* வெளியூர் வாசகருக்கு: இந்த ஊரில் ‘மூடு’ என்றால் அடிப்பாகம். புளிமூடு சந்திப்பு புளிப்பானையின் மூடியைப் பார்த்து வைத்த பெயரல்ல, புளியமரத்தின் அடி. ராஜையனுக்கு வீட்டில் தமிழ், படித்தது மலையாளம். எந்தக் காதில் எந்த மொழி விழுந்ததோ, யார் கண்டது?

4

(இந்தப் பகுதியில் ரத்னாபாயின் பால்யகாலம் இருந்தது. எடுத்துவிட்டேன். கதையின் எடை குறைந்தது. யாருக்காவது நஷ்டமா?)

5

மறுநாள் காலையில் மேஸ்திரியே டப்பாக்களைக் கொண்டுவந்தார். மூடி முன்போலவே தடிமனாக இருந்தது. டப்பாவின் அடியோ வெங்காயத் தோலாகியிருந்தது.

“அய்யோ, எனக்கக் கர்த்தாவே! மூட்டையா அண்ணே கொறச்சீரு?”

“நீயல்லே மூடுண்ணு சொன்னே?”

(இங்கே ராஜையன்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. கைதேர்ந்த மேஸ்திரி, வரைபடத்தைப் பார்க்க மாட்டாரா? பார்த்தார். அதில் அடிப்பாகம்தான் எல்லாவற்றிலும் தடிமன். அதைக் குறைக்கச் சொல்வதே நியாயம் என்று பட்டது. அவரை விட்டுவிடுவோம், பாவம்.)

அச்சின் இரண்டு பாதியும் நெருங்கும்படி சாணை பிடித்தாயிற்று, தேய்ந்த இரும்பு திரும்ப வளராது. அண்ணாச்சியோ அன்று சாயங்காலமே கோயில் கொடை விழாவுக்கு ஊருக்குப் போகிறார். ரத்னாபாய்க்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள். அழுதுகொண்டே ஆத்திரத்தில் டப்பாவின் அடியைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினாள்.

டப்!

உள்ளே நெருக்குண்ட காற்று தள்ள, மூடி தானாகத் தெறித்து மேஸ்திரியின் மடியில் விழுந்தது.

அழுகை நின்றுவிட்டது. இன்னொன்றை மூடி அமுக்கினாள். டப். பழைய தகர டப்பாவை நகத்தால் நெம்பி நெம்பி விரல் கிழிந்தவர்கள் எத்தனை பேர்! அதுமட்டுமா, முதல் சாம்பிள் எடுத்தபோது தடித்த அடி ஆறுவதற்காகத்தான் மெஷின் அவ்வளவு நேரம் காத்து நின்றது. இனி சட்டென்று ஆறும்.

“அப்பம் தெற்றில்லயோ?” தன்மேல் தப்பில்லையோ என்ற ஆசையில் மெதுவாகக் கேட்டார் மேஸ்திரி.

“தெற்றுதான். வாயத் தொறந்து மிண்டாம இரியும்.”

6

சாலைக் கம்போளத்துக்குப் போகும் பஸ்ஸில் ரத்னாபாய் முதலாளியிடம் என்ன சொல்வது? ‘நானே யோசித்துச் செய்தது’ என்று அவளைச் சொல்லவைக்க மூன்று தடவை எழுதிப்பார்த்தேன். வாயைத் திறக்க மறுத்துவிட்டாள். கடைசியில் அவள் இஷ்டத்துக்கு விட்டேன்.

“முதலாளி, மூடியக் கொறைக்கச் சொன்னேன். மூடு கொறஞ்சு போச்சு.”

“இத இப்பமா பிள்ளே சொல்லுவே? பஸ்ஸு ஆரியசாலை வந்தாச்சே!”

7

வன்னியபெருமாள் அண்ணாச்சி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பொடியிலேயே காரமானதை எடுத்து, கழுத்துமுட்ட நிரப்பி மூடினார். மூடியின் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினார். அசையவில்லை. முகம் கடுத்தது.

“என்ன திரவியம், தொறக்கதுக்குக் கடப்பாரை தனியா வாங்கணுமோ?”

முதலாளிக்கு வியர்த்தது. ரத்னாபாய் முன்னால் வந்தாள்.

“மூடியத் தொடாண்டாம் அண்ணாச்சி. மூட்டுல அமுக்குங்க.”

“மூட்லயா?” அண்ணாச்சி அந்தக் காலத்து மனுஷர், கை உரமான கை. ஒரே அமுக்கு.

டப்! மூடி கூரைக்குப் போனது. பொடி மேகமாக எழுந்தது. அந்த மேகத்துக்குள் அண்ணாச்சி சிரித்தாரா, முறைத்தாரா தெரியவில்லை. கண்ணில் நீர் கொட்ட, ரத்னாபாயைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

“யம்மா, இது ஆ… ஆக…”

அச்சு! அச்சு! அச்சு!

8

‘ஆகட்டும்’ என்றும் முடிக்கலாம், ‘ஆகாது’ என்றும் முடிக்கலாம். நான் இரண்டையும் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன். முதலாளியும் தும்மத் தொடங்கிவிட்டார், இனி அவரிடமும் கேட்க முடியாது. ரத்னாபாய் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். ஒரு மேசைக்காக ஒரு சொல்லின் பாதியைப் பிடித்துக்கொண்டு. மீதிப் பாதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் செய்தது இவ்வளவுதான்: எழுந்துபோய் எங்கள் வீட்டு இழுப்பறையிலிருந்து அந்த மூடியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். யாரும் குறைக்காத நல்ல கனம்.