எக்ரீஜியஸ் ஷைனி டீச்சர்

மரியாதையின் விலை ஆயிரத்து இருநூறு ரூபாய். சங்கராபுரத்து ஷீல்டு கடையில் இர்ஷாத் அதைப் பேரம் பேசித் தொள்ளாயிரத்துக்கு இறக்கினார்.

மகள் பாயிஸாவின் இங்கிலீஷ் டீச்சர் ஷைனிக்குக் கல்வராயன் மலைக்கு மாற்றல் வந்திருந்தது. டீச்சர் மேல் ஏதோ புகார், அதனால்தான் மலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. பொய்ப்பேச்சு. ஊர் வாயை அடைக்கிற மாதிரி ஒரு சொல்லைப் பித்தளையில் பொறித்து மேடையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அரிசி மண்டிக்காரரான இர்ஷாத்தின் ஆசை.

"பெஸ்ட் டீச்சர்னு போட்டுடலாங்களா பாய்?" என்றான் கடைக்காரன் ஜெயப்பிரகாஷ்.

"அத காப்பி கப்புலயே அடிச்சி விக்கிறான்."

தகப்பனார் காலத்து இங்கிலீஷ் அகராதியைப் பிரித்துக் காட்டினார். எக்ரீஜியஸ்: மேன்மையான, மந்தையை விட்டுத் தனித்து நிற்கிற.

"செல்லுல ஒரு தபா பாத்துடட்டுங்களா?"

"செல்லு நேத்து வந்தது. பழைய அரிசிக்குத்தான்யா வெல ஜாஸ்தி. அடி."

பள்ளிக்கூடத்துப் பிரிவு விழாவில் ஷீல்டிலிருந்ததை ஒருவர் மைக்கில் உரக்கப் படித்தார். ஷைனி டீச்சரின் சிரிப்பு பாதியில் நின்றது. முன்வரிசையில் இரண்டு வாத்தியார்கள் குனிந்துகொண்டார்கள்; தோள் மட்டும் குலுங்கியது.

மேடையை விட்டு இறங்கிய இர்ஷாத்தின் காதில் பாயிஸா சொன்னாள்: "இன்னாத்த எழுதிக்கினு வந்தீங்க அத்தா? அதுக்கு ஊரறிஞ்ச மோசம்னு அர்த்தம்."

ஊர் வாயால் சொன்னதை இவர் பொறித்தே கொடுத்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் டீச்சரிடம் போனார். "அகராதில மேன்மைன்னு போட்டிருந்திச்சு டீச்சர். அத குடுத்துடுங்க. வேற அடிச்சாந்துடறேன்."

"நீங்க பாத்தது பழைய அர்த்தங்க பாய். லத்தீன்ல மந்தைக்கு வெளிய நிக்கறதுன்னு. ஒசத்தியாத்தான் சொல்லிக்கினு இருந்தாங்க. அப்பறம் கிண்டலுக்குச் சொல்லிச் சொல்லி, கிண்டலே அர்த்தமா நின்னுபோச்சு. 'பெரிய மனுசன்'னு நாம இளுக்கறதில்லீங்களா?"

மண்டியில் கடன்காரனை 'வாங்க ராசா' என்று அழைத்தே பழகிய நாக்கு அவருடையது. விளக்கம் உடனே புரிந்தது. புரிந்ததால்தான் கூசியது.

போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். டீச்சர் ஷீல்டைத் திருப்பி, எழுத்து தன் நெஞ்சுப் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இர்ஷாத் தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார்.

மகளுக்கு டீச்சர் கொடுத்தது மூன்று வருஷ இங்கிலீஷ். தகப்பன் திருப்பியது ஒரே ஒரு சொல், அதுவும் செல்லாதது. பாக்கி அப்படியே நிற்கிறது.