தலைவருக்குத் தொண்டை வாங்கினோம்

எங்கள் ஊராட்சித் தலைவர் சிவமுருகனுக்குக் கடவுள் எல்லாம் கொடுத்திருந்தார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி, இரண்டு ஜீப், ஆறடி உயரம், கதவில் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும் என்கிற மாதிரி ஒரு மீசை. குரலை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார். வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்தான் வரும். போன தேர்தலில் அவர் ஜெயித்ததே கடைசிக் கூட்டத்தில் மைக் வேலை செய்யாமல் போனதால்தான் என்று நாயுடுபுரத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த மைக் என்னுடையது.

நான் சோலைமலை. நாயுடுபுரத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சர்ச் திருவிழா, கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாவற்றுக்கும் என் குழாய் ஸ்பீக்கர்கள்தான் கட்டுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த மலையில் யார் என்ன பொய் சொன்னாலும் என் வயர் வழியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

போன செப்டம்பரில் ஒரு நாள் தலைவர் ஜீப்பைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, மடியில் பிள்ளையை வைத்திருப்பதுபோல ஓர் அட்டைப் பெட்டியோடு இறங்கினார்.

"ஏலே சோலமல, இதப் பிரி. மெட்ராஸ்லருந்து வந்துருக்கு. இதுல பேசுனா ரேடியோக்காரன் மாதிரி கேக்குமாம்ல?"

பிரித்துப் பார்த்தேன். மைக் ப்ரீஆம்ப்பும் வாய்ஸ் ப்ராசஸரும் சேர்ந்த பெட்டி. மைக்கிலிருந்து வருகிற சத்தம் ரொம்ப நோஞ்சானாக இருக்கும். அதைத் தூக்கி நிறுத்துவது ப்ரீஆம்ப்பின் வேலை. தூக்கி நிறுத்தியதற்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்துச் சட்டை போட்டு அனுப்புவது ப்ராசஸர். கூடவே ஒரு நல்ல கண்டென்சர் மைக்கும் இருந்தது. அதற்குப் பெட்டியிலிருந்தே நாற்பத்தெட்டு வோல்ட் போக வேண்டும் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"நாப்பத்தெட்டா? வாயில அடிச்சுராதுல்ல?"

"அடிக்காது தலைவரே."

"நீ மொதல்ல பேசு."

நான் பேசி, உயிரோடு இருப்பதைக் காட்டிய பிறகுதான் அவர் மைக்கைத் தொட்டார். கெயினை, அதாவது மைக் சத்தத்தைத் தூக்குகிற அளவை, ஏற்றினேன். கீச்சுச் சத்தத்தைக் குறைத்து அடிச் சத்தத்தைக் கூட்டினேன். கம்ப்ரஸரைப் போட்டேன். அது நல்ல ஏமாற்றுக்காரன். பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னச் சத்தத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "வணக்கம்" என்றார். ஸ்பீக்கரில் யாரோ மகாராஜா வணக்கம் சொன்னார்.

தலைவர் அப்படியே நின்றுவிட்டார். "நானாய்யா அது?" என்று கேட்டார். கண்ணில் தண்ணீர். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதனுக்குத் தொண்டை கிடைத்தால் வேறு என்ன செய்வான்?

பத்து நிமிஷத்தில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பழைய சிவமுருகன் ஆகிவிட்டார்.

"இன்னொரு சோலி இருக்கு. நான் பேசறப்ப மட்டும் சத்தம் வரணும். நான் டீ குடிக்கறது, மூக்கச் சிந்தறது, பாலகுமார வையிறதெல்லாம் ஊருக்குக் கேக்கக் கூடாது."

பாலகுமார் ஊராட்சிச் செயலர். ஒரு கூட்டத்துக்கு நாற்பது முறையாவது வசவு வாங்குவார். அதற்கும் பெட்டியில் வழி இருந்தது. கேட் என்று ஒரு குமிழ். ஒரு அளவுக்குக் கீழே வருகிற சத்தத்துக்குக் கதவைச் சாத்திவிடும். உரக்கப் பேசினால்தான் திறக்கும். தலைவர் மைக்கை விழுங்குகிற மாதிரி வாயில் வைத்துப் பேசுகிறவர். அந்தச் சத்தத்துக்கு மட்டும் திறக்கிற மாதிரி குமிழை வலது பக்கம் நன்றாகத் திருகி வைத்தேன். அன்றைக்கு என் கைவேலையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் நாலு மலைக்கும் நாலு குழாய் கட்டினேன். வீடியோவும் நான்தான், கேமராவுக்குச் சத்தம் அந்தப் பெட்டியிலிருந்தே போனது. தலைவர் பேசினார். பீன்ஸ் மூட்டையோடு போன குதிரைக்காரன்கூட நின்று கேட்டான். போன வருஷம் போடாத சாலையைக்கூட அந்தக் குரலில் சொன்னபோது போட்டுவிட்டார்களோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதன் பிறகு அந்தப் பெட்டி இல்லாமல் அவர் ஒரு கல்யாண வீட்டுக்குக்கூடப் போகவில்லை. மெதுவாகப் பேசினால் மிஷின் வாயை மூடிக்கொள்ளும் என்பதையும் நன்றாகப் பழகிக்கொண்டார். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே, பக்கத்தில் இருப்பவனைத் தாய் தகப்பனைச் சேர்த்து வைவார். ஊருக்கு ஒரு சொல் கேட்காது.

ஜனவரி பிறந்து மூன்றாவது வாரம், ஈத்தம்பாறை மூக்கம்மா வெள்ளனே கடைக்கு வந்தார். ஈத்தம்பாறை எங்கள் ஊராட்சியின் கடைசிக் குக்கிராமம். ஓடையைத் தாண்டி ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். மழை பெய்தால் ஓடை வழிவிடாது. மூக்கம்மா ஒரு தாளை மேஜையில் விரித்தார்.

"தம்பி, இதப் படிச்சுச் சொல்லுங்க. மூணு பேருட்ட குடுத்தேன். மூணு பேரும் ஒண்ணத்தான் சொல்றாங்க. நீங்க வேற ஏதாச்சும் சொல்வீங்களான்னு வந்தேன்."

அக்டோபர் கூட்டத்தின் தீர்மான நகல். கடைசி வரி: 'பொதுமக்கள் தரப்பில் கோரிக்கை ஏதும் எழுப்பப்படவில்லை.'

"நான் எந்திரிச்சு நின்னு பேசுனேனே தம்பி. உங்க மைக்கத்தான கையில குடுத்தாங்க?"

மூக்கம்மாவின் கதை மலைக்கே தெரியும். அந்த அக்டோபர் கூட்டத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில் மருமகள் சத்தியபிரியாவுக்கு வலி எடுத்தது. டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். ஓடையில் இடுப்புக்கு மேல் தண்ணீர். இந்தக் கரையில் ஆம்புலன்ஸ், அந்தக் கரையில் டோலி. விடியும்வரை அப்படியே நின்றார்கள். பிள்ளை கரையிலேயே பிறந்து கரையிலேயே போய்விட்டது. இப்போது சத்தியபிரியாவுக்கு மறுபடியும் ஆறு மாசம். சித்திரையில் கோடை மழை பிடித்துக்கொண்டால் மறுபடி அதே ஓடை. ஒரு நடைபாலம் கேட்டு மூக்கம்மா ஒன்றிய ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் அளக்கக்கூட வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"பாலகுமாரக் கேட்டீங்களா?"

"கேட்டேன். வீடியோவுல இல்லக்கா, வீடியோவுல இல்லாதத நான் எழுத முடியுமான்னு கேக்குது அந்தப் பய."

எனக்குச் சுருக்கென்றது. வீடியோவைப் போட்டேன். திரையில் மூக்கம்மா இரண்டு கையாலும் மைக்கை மார்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாய் அசைகிறது. சத்தம் இல்லை. இரண்டரை நிமிஷம் சத்தம் இல்லை. நடுவில் ஒரே ஒரு இடத்தில் 'பிள்ள' என்று ஒரு சொல் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? தலைவர் பேசி முடித்துவிட்டார், இனி யார் பேசினால் என்ன என்று பஜ்ஜி தின்னப் போயிருந்தேன். போதுமா?

"ஏங்க்கா, எதிர்மலைல மேயிற மாட்ட இங்கருந்து கூப்புடுற ஆளு நீங்க. மைக்குல ஏன் இப்படி முணுமுணுத்தீங்க?"

"அதான் மைக்கு இருக்கே. ஆபீசரு முன்னால போயிக் கத்துனா நல்லாவா இருக்கும்? மைக்குல மெதுவாப் பேசுனாப் போதும், அது பாத்துக்கும்னுதான எல்லாரும் சொல்றாங்க. குழாயில வரலன்னு ஒருத்தரும் சொல்லலயே."

என் மலை ஜனங்கள் எல்லாரும் அப்படித்தான். காட்டில் இடி மாதிரி பேசுவார்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் கோயில் கருவறைக்குள் நிற்பதுபோலக் குரல் அடங்கிவிடும். நான் உண்மையைச் சொன்னேன். கேட் என்றால் என்ன, அதை எதற்குத் திருகினேன், எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப யாரு பேசுனா தெறக்கணும்னு அதுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நாந்தாங்க்கா."

அவர் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. சத்தம் விற்றுப் பிழைக்கிறவன், ஒரு பொம்பளையின் வாயை அடைத்திருக்கிறேன். அதிலும் எந்த வாயை!

தலைவரிடம் போனேன். பொதுமக்களுக்குத் தனியாக ஒரு மைக் வைக்கலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு? இருக்கறது நல்லாத்தான ஓடுது? ஒரு குமிழக்கூடத் தொட்றாத, சொல்லிட்டேன்."

ஜனவரி இருபத்தாறு. அதே மைதானம், அதே நாலு குழாய். ஈத்தம்பாறை ஜனங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தியபிரியாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த இறக்கத்தில் இறங்கி வந்திருந்தது. கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் நான் பெட்டியிடம் குனிந்து கேட் குமிழை இடது பக்கம் கடைசிவரை திருகினேன். இனி எந்தச் சத்தத்துக்கும் கதவு கிடையாது. மூக்கம்மாவின் முணுமுணுப்பு வெளியே வரட்டும் என்றுதான் திருகினேன். வேறு எந்தத் திட்டமும் இல்லை என்று நான் சத்தியம் செய்தால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்குப் பஜ்ஜி தின்னப் போகவில்லை.

தலைவர் கொடியேற்றினார், முழங்கினார். கை தட்டினார்கள். ஒன்றியத்திலிருந்து வந்திருந்த அதிகாரி போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "பொதுமக்கள் ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்" என்றார். மூக்கம்மா எழுந்து நின்றார்.

தலைவர் மைக்கை மடியில் சாய்த்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பு மாறாமல், பாலகுமார் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினார். மெதுவாகப் பேசினால் மிஷினுக்குக் கேட்காது என்கிற தைரியம்தான். கம்ப்ரஸர் என்ற அந்த ஏமாற்றுக்காரன் அந்த மெல்லிய பேச்சை அள்ளித் தூக்கி, அடிச் சத்தம் கூட்டி, நாலு குழாயிலும் நாலு மலைக்கும் அனுப்பினான்.

"அந்தம்மா பாலம்னு ஆரம்பிக்கும். பாலம் அடுத்த எலெக்சனுக்கு நமக்கு வேணும். நல்லாத் தலைய ஆட்டு. எழுதிராத."

அவ்வளவு கம்பீரமாக, அவ்வளவு திருத்தமாக அந்த மனிதர் பிறந்ததிலிருந்து பேசியதில்லை. எதிர்ப் பாறையில் மோதி 'எழுதிராத' மட்டும் இன்னொரு தரம் திரும்பி வந்தது.

தலைவர் நிமிர்ந்து குழாயைப் பார்த்தார். பாலகுமாரைப் பார்த்தார்.

"யாருடா அது, என் குரல்ல பேசுறது?"

அதுவும் நாலு மலைக்கும் போனது.

பின்வரிசையில் ஒருத்தன் சிரித்தான். முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. ஈத்தம்பாறைக்காரர்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். அதிகாரி போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பதை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். தலைவர் என்னைப் பார்த்தார். பார்வையிலேயே என்னை எரித்துவிட்டிருப்பார். நான் வயரைச் சுற்றுவதுபோலக் குனிந்துகொண்டேன். பயம்தான், ஏன் மறைக்க வேண்டும்? ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே ஒரு சந்தோஷம், அடேயப்பா!

மூக்கம்மா நடந்து போய்த் தலைவர் மடியிலிருந்து மைக்கை எடுத்தார். எப்போதும்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எப்போதும்போல மெதுவாகத்தான் பேசினார்.

"எங்களுக்கு ரோடு வேணாங்க. ரெண்டு பேரு டோலியோட நடக்கற மாதிரி ஒரு பாலம் போதும். என் மருமகளுக்குச் சித்திரையில நாளு. போன தடவ ஓடையில தண்ணி கெடக்குன்னு நின்னோம். பிள்ள நிக்கல."

ஒவ்வொரு சொல்லும் கேட்டது. மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. சத்தியபிரியா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. நான் எத்தனையோ கூட்டம் பார்த்துவிட்டேன். பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

"எழுதுங்க" என்றார் அதிகாரி.

பாலகுமார் எழுதினார். மூக்கம்மா மைக்கை விடவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது. எழுதுனத வாசிங்க, கேக்கறேன்."

மைக்கைப் பாலகுமார் வாய்க்கு நேராகப் பிடித்தார். பாலகுமார் வாசித்தார்: "தீர்மானம் எண் பதினொன்று. ஈத்தம்பாறை ஓடையின் குறுக்கே நடைபாலம் அமைத்துத் தர வேண்டும் எனப் பொதுமக்களில் ஒருவர் கோரியதை இச்சபை ஏற்று..."

"நிறுத்துங்க" என்றார் மூக்கம்மா. இந்த முறை மெதுவாக இல்லை. எதிர்மலை மாட்டைக் கூப்பிடுகிற குரல். அதற்கு என் குழாய் எதுவும் தேவைப்படவில்லை. "போன தடவையும் அந்த ஒருத்தர் நாந்தான். மூக்கம்மான்னு எழுதுங்க."

பாலகுமார் தலைவரைப் பார்த்தார். தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாலகுமார் 'பொதுமக்களில் ஒருவர்' என்பதை அடித்துவிட்டு, மேலே பெயரை எழுதினார்.