சார்ஜர் குத்த இடமில்லாத மடிக்கணினி

"டீச்சர், இதுக்குச் சார்ஜ் எங்கங்க குத்தறது?" என்று மூன்றாம் வகுப்பு அன்பு கேட்டபோதுதான், பள்ளிக்கு நன்கொடையாக வந்த அந்தப் பச்சை மடிக்கணினியில் சார்ஜர் குத்த இடமே இல்லை என்பது வெண்மதி டீச்சருக்குத் தெரிந்தது. விலை மலிவு, ஆனால் உடையாது என்று தந்தவர்கள் சொன்னது உண்மை. இரண்டு முறை டெம்போவிலிருந்து விழுந்தது, ஒரு முறை எருமை மிதித்தது, கீறல்கூட இல்லை. மின்சாரம்தான் அதற்குத் தேவைப்படவில்லை. மொரப்பூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் யாராவது யாருக்கும் தெரியாமல் நல்லது செய்தால் அதற்குச் சார்ஜ் ஏறியது. ராஜமேரி பக்கத்து வீட்டுக் கன்றை நிழலில் மாற்றிக் கட்டிய அன்று மூன்று சதவீதம். பேருந்து நிறுத்தத்துப் பானையை யாரோ நிரப்பிய அன்று ஐந்து.

நல்லது செய்தால் ஏறும் என்பது ஊருக்குச் சீக்கிரம் புரிந்தது. தெரியாமல் செய்ய வேண்டும் என்பது மட்டும் புரியவில்லை. மாரியம்மனுக்கு எண்ணெய் தந்தாலும் மாதா தேருக்குப் பூ தந்தாலும் மைக்கில் பெயர் வாசித்தே பழகிய ஊர் இது. கணினிக்காகப் பச்சியப்பன் பள்ளி வாசலில் மோர்ப் பந்தல் போட்டு, தான் கைகூப்பி நிற்கும் படத்தோடு பதினைந்தடி பிளெக்ஸும் வைத்தார். நாற்பதில் இருந்த சார்ஜ் பன்னிரண்டுக்கு இறங்கியது.

"ஏனுங்கண்ணா, உங்க மோரக் குடிச்சு மிசினுக்கு வயித்தால போவுது பாருங்க," என்றாள் ராஜமேரி.

"உப்பு கம்மியா இருந்திருக்கும், போம்மா," என்ற பச்சியப்பன் மறுநாள் இன்னொரு பிளெக்ஸ் வைத்தார். இரண்டு சதவீதம் ஆயிற்று.

ராஜமேரியின் மகள் பிளசி நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. சான்றிதழ்கள் எல்லாம் அந்தக் கணினிக்குள் இருந்தன. நாலேகாலுக்குத் திரை அணைந்தது. பிளசி சத்தமில்லாமல் அழுதாள். ஊரே நல்லது செய்யக் கிளம்பியது. ஆனால் ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துக்கொண்டே இருந்ததால் ஒன்றும் ஏறவில்லை. நஞ்சம்மாளின் ஒற்றை எருமைக்கு ஏழு பேர் புல் போட்டார்கள். "ஏன்டா, கொல்றதுக்கா போடறீங்க? வுட்டுட்டுப் போங்கடா!" என்று அவள் விரட்டினாள்.

பச்சியப்பனால் பிளசியின் அப்பா இன்னாசிராஜின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்கு கோடைக்கு முன் பச்சியப்பனின் தக்காளிக் காடு காய்ந்தபோது, இன்னாசிராஜ் தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் காட்டுக்குத் திருப்பி விட்டிருந்தார். பார்த்தும் பாராதவர்போல் பச்சியப்பன் இருந்துவிட்டார். இப்போது இன்னாசிராஜின் செடிகள் மூன்று நாளாகத் தலை தொங்கிக் கிடந்தன.

எல்லோரும் பள்ளியில் இருக்க, பச்சியப்பன் மட்டும் நழுவிப் போய்த் தன் போர்வெல் குழாயின் வால்வை இன்னாசிராஜின் காட்டுப் பக்கம் திறந்தார். பார்த்தது கடவுள் மட்டும். அது சாட்சியில் சேராது போலும். பள்ளியில் திரை தானாக எரிந்தது. நூறு சதவீதம். நாலு ஐம்பத்தேழுக்குப் பிளசியின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் ஊருக்கு அந்த அளவு புத்தி வந்திருந்தது.

கடைசிச் சால் நனையும்வரை பச்சியப்பன் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பிறகு வால்வை மூடிவிட்டு, சேற்றில் பதிந்த தன் தடத்தைக் காலாலேயே அழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.