மாறிப்போன கழுத்துப்பட்டை

கை உள்ளே போன பிறகுதான் அது யாருடைய கூண்டு என்பது சோப்பக்காவுக்கு உறைத்தது.

அவள் நாய்களைக் குளிப்பாட்டிச் சோறு வைக்கும் காப்பகத்தில் சிவப்புக் கழுத்துப்பட்டை கட்டிய நாய்க்குச் சாப்பாடு வைக்க ஒரு முறை உண்டு. கதவைத் திறக்கக் கூடாது. கிண்ணத்தைக் கம்பிக்கு அடியில் குச்சியால் தள்ளிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். இன்று இடியின் கூண்டில் கிண்ணம் பாதியில் மாட்டிக்கொண்டது. ஏதோ யோசனையில் கையை நுழைத்து இழுத்துவிட்டாள். நாயின் மூக்கு அவள் விரல்களை உரசிக்கொண்டு நின்றது.

இப்போது வெடுக்கென்று எடுத்தால் விரல் மிஞ்சாது. அசையாமல் இருந்தாள்.

நாய் அவள் விரலை நக்கியது. 'நீயும் சாப்பிடேன்' என்பதுபோல் சற்று விலகி இடம்கூட விட்டது.

அவளுக்கு நிம்மதி வரவில்லை. இடி இப்படிச் செய்யாது. இது இடி இல்லை.

இடியும் பஞ்சும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அதே மண் நிறம், அதே வெள்ளைப் பாதம். பஞ்சு பேருக்கேற்ற பஞ்சு. இடியும் மற்ற நேரத்தில் சாதுதான், மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். ஆனால் குட்டியில் பட்டினி கிடந்த பயம் அதைவிட்டுப் போகவே இல்லை. கிண்ணத்தில் வாய் வைத்திருக்கும்போது எந்தக் கை பக்கத்தில் வந்தாலும் கடித்துவிடும். காப்பகத்து டாக்டரின் கட்டைவிரலில் அதற்குச் சாட்சியாகத் தையல் தழும்பு இருக்கிறது.

காலையில் பஞ்சுக்குப் புது வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்துக் குளிப்பாட்டும்போது பட்டைகளைக் கழற்றி ஒரே ஆணியில் மாட்டினாள். சோப்பு நுரையில் எது எதுவென்று யாருக்குத் தெரியும்? அவசரத்தில் துவட்டி, அவசரத்தில் கட்டிவிட்டாள். பஞ்சின் பச்சைப் பட்டையோடு வாலை ஆட்டிக்கொண்டு புது வீட்டுக்குப் போனது இடி.

அந்த வீட்டில் மூன்று வயதுப் பாப்பா இருந்தாள்.

அதைவிட மோசம், அவள் சொல்லி அனுப்பியது. நாயை எடுத்துப்போகும் எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னாள். "பாப்பா கையாலயே சோறு வைங்கம்மா. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காரட்டும். சீக்கிரம் ஒட்டிக்கும். இங்க வைக்கிற நேரத்தை மட்டும் மாத்தாதீங்க."

சிவப்புப் பட்டைகளுக்குத்தான் முதல் பந்தி. பஞ்சு இருந்த வரிசைக்குக் கடைசிப் பந்தி; அந்த நேரத்துக்குத்தான் அந்த வீட்டிலும் சோறு வைப்பார்கள். அதற்குள் போய்விடலாம். போக வேண்டும்.

"டேய் ஹாரன், வண்டியை எடு."

காப்பகத்து வேன் ஓட்டுவது அவளுடைய சொந்தத் தம்பி. நின்றுகொண்டிருக்கும் வண்டியிலும் ஹாரன் அடிப்பவன் என்பதால் அந்தப் பெயர்.

"இப்பத்தான்க்கா உக்காந்தேன். ஒரு வாய் காபி..."

"நாயை மாத்தி அனுப்பிட்டேன்டா. பாப்பா வீட்டுக்குப் போனது இடி."

காபி கீழே இருந்தது, அவன் வண்டியில் இருந்தான்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாப்பாவின் அம்மாவுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள். மணி போனது. யாரும் எடுக்கவில்லை.

"தூங்குறாங்களோ என்னவோ" என்றான் தம்பி.

"தூங்கினா நல்லது. தூங்கட்டும்."

"நீ எதுக்கும் பயப்படாதக்கா. நீ பயந்தா எனக்கு கியரே விழ மாட்டேங்குது."

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாரு."

சிக்னலில் முன்னால் ஒரு பள்ளிப் பேருந்து மலை மாதிரி நின்றது. தம்பி ஹாரனில் கையை வைத்தபடியே இருந்தான். சோப்பக்கா தன் வலது கையைப் பார்த்தாள். டாக்டர் கை பெரிய கை. பாப்பாவின் கை? காலையில் அந்தக் கை அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கூண்டு கூண்டாக நடந்தது. சுண்டுவிரலையே முழுசாகப் பிடிக்க முடியாத கை. அவள் கண்ணை மூடினாள். மூடினால் இன்னும் நன்றாகத் தெரிந்தது. திறந்துகொண்டாள்.

தெரு திரும்பியதும் சொன்னாள். "இதுக்கு மேல ஹாரன் அடிக்காத. சத்தம் கேட்டா அது மிரளும்."

வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தட்டவில்லை. செருப்பை மழையிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தாள். கூடத்தில் யாருமில்லை. சோபாவில் போன் கிடந்தது. அதன் திரை சத்தமில்லாமல் மின்னி அணைந்தது.

சமையலறையிலிருந்து பாப்பாவின் குரல் கேட்டது. "மெல்ல சாப்பிடு. விக்கும்."

நிலைப்படியில் நின்று பார்த்தாள். பாப்பா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்கு முன்னால் கிண்ணம். கிண்ணத்துக்குள் நாயின் முகம். வால் ஆடவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டிருந்தது. தலையை நிமிர்த்தாமல், கடைக்கண்ணால் மட்டும் பாப்பாவைப் பார்த்தது. கண்ணின் வெள்ளை தெரிந்தது.

உறுமல்கூட இல்லை. உறுமினால் பரவாயில்லை. டாக்டரைக் கடிப்பதற்கு முன்பும் இடி இப்படித்தான் கல்லாக நின்றது.

சோப்பக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நாயை நேராகப் பார்க்கவில்லை.

"பாப்பா."

"அத்தை! பாருங்க, சாப்பிட மாட்டேங்குது. ஊட்டி விடவா?"

"வேணாம் கண்ணு. கையை மடியில வச்சுக்கோ. ஆமா, அப்படித்தான். நாம ரயில் விளையாட்டு விளையாடலாமா?"

"இப்பவா?"

"இப்பத்தான். ரயில் பின்னாடியே வரும். எந்திரிக்கக் கூடாது. உக்காந்துகிட்டே பின்னாடி தேச்சுத் தேச்சு அத்தைகிட்ட வா, பாப்போம்."

பாப்பா யோசித்தாள். நாயைப் பார்த்தாள். "அதுவும் வரட்டும்."

"அது அடுத்த ரயில்."

பாப்பா சிரித்தாள். ஒரு தேய்ப்புப் பின்னால் வந்தாள். இன்னொன்று. நாய் அசையவில்லை. சோப்பக்கா கையை மெல்ல நீட்டினாள். எட்டிப் பிடித்துவிடும் தூரம்தான் பாக்கி.

மாடிப்படியில் தடதடவென்று காலடி. "ஐயோ, துணியெல்லாம் நனைஞ்சே போச்சு. பாப்பா, சாப்பிட்டுதா?" ஈரத்துணி மூட்டையோடு அம்மா பின்கதவைத் தள்ளினாள். கதவு சுவரில் அறைந்தது.

நாய் பாய்ந்தது.

சோப்பக்கா யோசிக்கவில்லை. ஒரு கையால் பாப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். மறு கையைக் குறுக்கே கொடுத்தாள். பல் இறங்கியது. கத்தினால் பிடி இறுகும் என்று தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

இடி தானாகவே விட்டது. அவளை அடையாளம் தெரிந்துகொண்டதோ என்னவோ. அடுப்பு மேடைக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டது. அங்கேயே சிறுநீர் கழித்தது.

கையிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது. பாப்பா அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். அம்மா துணி மூட்டையைப் போட்டுவிட்டு அவளை வாரி எடுத்தாள். விரல் விரலாக, காது, கழுத்து எல்லாம் தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை.

"சாதுன்னு சொன்னீங்களே" என்றாள். குரல் உடைந்திருந்தது. "பாப்பா கையால வைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. சோறு வைக்கிற நேரத்துக்கு நல்லா தூங்கி எழட்டும்னு போனைக்கூட சத்தமில்லாம வச்சிருந்தேன். அந்த ஒரு வேளைச் சோத்துக்காக."

"நான்தாம்மா சொன்னேன். நாய் மேல தப்பில்ல. குளிப்பாட்டும்போது பட்டையை மாத்திக் கட்டிட்டேன். நீங்க கேட்ட நாய் அங்கதான் இருக்கு. அது எதுவும் செய்யாது."

"இதுவும் எதுவும் செய்யாதுன்னுதானே சொன்னீங்க?"

சோப்பக்கா ரத்தம் சொட்டிய கையை மறு கையால் பொத்திக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போங்க. அதையும் வேணாம். எதையும் வேணாம்." அம்மா பாப்பாவை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

சோப்பக்கா குழாயடியில் காயத்தைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினாள். எரிச்சல் தோள் வரை ஏறியது. பஞ்சு இந்நேரம் கிண்ணத்தை நக்கிக்கொண்டிருக்கும். தனக்கு ஒரு வீடு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

தம்பி கயிறோடு உள்ளே வந்தான். இடி முரண்டு பிடிக்காமல் அவனோடு வேனில் ஏறியது. பின்பக்கம் கூண்டுக்குள் சுருண்டு, உடம்பெல்லாம் வெடவெடக்க, எதையோ எதிர்பார்த்துக் கதவையே பார்த்தது.

"முன்னாடி வந்து உக்காருக்கா. நேரா ஆஸ்பத்திரி."

அவள் துண்டைச் சுற்றிய கையைப் பிடித்தபடி பின்கதவுக்கே போனாள்.

"கிறுக்கா உனக்கு? இப்பத்தானே கடிச்சுது. பயமா இல்ல?"

"இருக்கு" என்றாள். ஏறி, கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கதவைச் சாத்து. மெதுவா சாத்து."